அப்பா யாரைக் கூப்பிடுகிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 87 வயது. இளம் வயதில் ஒன்றரை வருடம் போர்முனையில் இருந்தவர். திரும்பி வந்தபின் அச்சகத்தில் மெஷின்மேனாக வேலை பார்த்து எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகு இரவில் எழுந்து கதவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். தூக்கத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கத்துகிறார். அந்தப் பெயரில் எங்கள் உறவில் யாருமே இல்லை. போன மாதம் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்ததும் பக்கத்தில் நின்ற பேரனை இழுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். அண்ணன் இது மறதி நோயின் ஆரம்பம் என்கிறார். உறவினர் ஒருவர், "மனசுல இருக்கறதைக் கொட்டச் சொல்லுங்க, சரியாகிடும்" என்கிறார். 88-வது பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாடி, தாத்தாவின் வாழ்க்கைக் கதையை வீடியோ எடுக்க வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. போனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். எழுந்து போனவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்ன வயதில் அம்மா எங்களிடம், "அப்பாவைத் தொட்டு எழுப்பாதீங்க, தள்ளி நின்னு கூப்பிடுங்க" என்பார். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை. இது என்ன நோய்? அவரைப் பேச வைக்க வேண்டுமா? இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என் அப்பாவை நான் தெரிந்துகொள்ளவே இல்லையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அம்மா சொன்ன அந்த வரியைத்தான். முதியோர் மனநல மருத்துவனாக நான் குடும்பங்களிடம் சொல்லிவருவதும் அதேதான்: போர் பார்த்தவரைத் தோளைத் தொட்டு உலுக்காதீர்கள், கட்டிலின் கால்மாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று குரல் கொடுங்கள், குனிந்து முகத்துக்கு நேரே நிற்காதீர்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு இரவு தொட்டு எழுப்பியிருப்பார். என்ன நடந்ததோ, அதற்கப்புறம் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டிருப்பார். பிள்ளைகளுக்கும் ஒரே வரியில் சொல்லிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதனால், அம்மா இறந்த பிறகு இது தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இந்த இரவுகள் பல வருடங்களாகவே இருந்திருக்கலாம். அந்த அறைக்குள்ளேயே அம்மா அதைச் சமாளித்துக்கொண்டிருந்திருப்பார். மனைவி போனதோடு அப்பாவுக்கு இரவுக்காவலும் போய்விட்டது. அதனால்தான் அவரே எழுந்து கதவைப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

முதலில் உடம்பு. உங்கள் அண்ணனின் சந்தேகத்தை ஒதுக்க வேண்டாம். ஆனால் அவர் சொல்வதை முடிவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுமையில் இரவுக் குழப்பத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில ஒரு வாரத்தில் சரியாகிவிடக்கூடியவை. மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்பது, இது மாதக்கணக்கில் மெல்ல வந்ததா, நாலைந்து நாளில் திடீரென்று வந்ததா என்பதைத்தான். திடீரென்று வந்து, பகலிலும் ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம் என்று மாறிமாறி இருந்தால் அது டெலிரியம் எனப்படும் நிலை. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை போன்ற ஏதோ ஒன்று அடியில் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய விஷயம் அது. நீங்கள் எழுதியிருப்பது மாதக்கணக்கான கதை. ஆனாலும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் சிலருக்குக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். சளி, அரிப்புக்குக் கொடுக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் இந்த வயதில் புத்தியைக் குழப்பும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், தூக்கத்தில் கத்துவதோடு கை கால்களையும் வீசுகிறாரா, உதைக்கிறாரா, கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறாரா என்று கவனியுங்கள். கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருக்க மூளை ஒரு பூட்டுப் போட்டு வைக்கும். முதுமையில் சிலருக்கு அது தளர்ந்து, கனவில் செய்வதை உடம்பும் செய்யத் தொடங்கும். போர்க்கனவு போலவே தெரியும், ஆனால் வேறு நோய். பார்க்கின்சன் நோய்க்கும் லூயி பாடி என்ற மறதி நோய்க்கும் பல வருடம் முன்னதாகவே அது வரலாம். அதனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

மறதி நோய் பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை ஏழு வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. போர் அதிர்ச்சி நோய் இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும் இல்லாதவர்களில் 6.6 சதவீதம் பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிர்ச்சி இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த ஏழு வருடத்தில் மறதி நோய் வரவில்லை. உங்கள் அப்பா காலையில் எழுந்து இன்று என்ன கிழமை என்று சரியாகச் சொல்கிறாரா, பழகிய வழியில் போய்த் திரும்புகிறாரா, காசு எண்ணத் தடுமாறுகிறாரா? பகல் ஒழுங்காக இருந்து இரவு மட்டும் கலங்குகிறது என்றால் என் யோசனை வேறு பக்கம் போகும்.

அந்தப் பக்கம் எதுவென்று சொல்கிறேன். 2000-களில் பாஸ்டனில் முன்னாள் படைவீரர்களிடம் வேலை செய்த உளவியலாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். போரிலிருந்து திரும்பி, வேலை, குடும்பம், பிள்ளைகள் என்று நாற்பது ஐம்பது வருடம் நன்றாக வாழ்ந்தவர்கள், வேலை ஓய்ந்த பிறகோ துணையை இழந்த பிறகோ உடம்பு தளர்ந்த பிறகோ மறுபடி போரைக் கனவு காணத் தொடங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்க வாட்டும் அதிர்ச்சி நோய் வேறு, முதுமையில் மேலே வரும் இது வேறு என்று பிரித்து, இதற்குத் தனியாக ஒரு பெயரும் வைத்தார்கள். பல வருடம் வேலையும் வீடும் அதைக் கீழே அழுத்தி வைத்திருந்தன. கை சும்மா இருக்கத் தொடங்கியதும், பக்கத்தில் படுத்திருந்தவர் இல்லாமல் போனதும் அது எழும்புகிறது. அப்பாவுக்கு இருப்பது இதுதான் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. உங்கள் கடிதம் அந்தத் திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு பதில் உண்டு. முதல் உலகப் போரில், 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். அதற்கப்புறம் அதைப் பலவீனம் என்றார்கள், கோழைத்தனம் என்றார்கள், பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பி.டி.எஸ்.டி. என்று இன்று எல்லோரும் சொல்லும் இந்த அதிர்ச்சி நோய், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பிடித்தது 1980-இல்தான். உங்கள் அப்பா வீடு திரும்பியபோது அவருக்கு நடந்துகொண்டிருந்ததற்கு நிலையான ஒரு பெயர் கிடையாது. நம் மொழியில் விழுப்புண் என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. மார்பிலும் முகத்திலும் பட்ட காயத்தைப் பெருமையாகச் சொல்வதற்கு. தூக்கத்தில் கத்துவதைச் சொல்ல அப்படி ஒரு சொல் யாரும் செய்துவைக்கவில்லை.

சரி, பேச வைக்க வேண்டுமா? வேண்டாம். "கொட்டச் சொல்லுங்க" என்ற யோசனை கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறையைப் பலமுறை சோதித்துப் பார்த்தாயிற்று. அது நோயைத் தடுக்கவில்லை. சிலருக்குப் பாதிப்பு கூடியது. நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். படிப்பை முடித்த புதிதில், தூக்கமில்லை என்று வந்த முதியவர் ஒருவரிடம், அவர் போர்வீரர் என்று தெரிந்ததும், "அங்கே என்ன நடந்தது?" என்று முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டேன். மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. தூக்கமில்லை என்று வந்தவருக்கு நான் தூக்கத்தைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

பேச வைப்பது வேறு, பேச வந்தால் கேட்க ஆள் இருப்பது வேறு. ஹாரி பேட்ச் என்று ஒருவர் இருந்தார். 1898-இல் பிறந்த ஆங்கிலேயர், குழாய் வேலை செய்பவர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில் நின்றவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர். 1917 செப்டம்பர் 22 அன்று ஒரு குண்டு வெடித்து, அவரையும் சேர்த்து ஐந்து பேர் இருந்த துப்பாக்கிக் குழுவில் மூன்று நண்பர்கள் செத்துப்போனார்கள். அவருக்குக் காயம். திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள், குழாய் வேலையைத் தொடர்ந்தார். எண்பது வருடம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, மனைவியிடம்கூட. 1998-இல், நூறு வயதில், ஒரு ஆவணப்படத்துக்காக வந்தவர்களிடம்தான் முதன்முதலில் பேசினார். முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணி அலமாரி ஒன்று இருந்தது. இரவில் யாராவது அதைத் திறக்கும்போது பளிச்சென்று விளக்கு எரியும். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு அது குண்டு வெளிச்சமாகத் தெரியுமாம். 2009-இல், 111 வயதில் இறந்தார்.

இவரைப் பற்றிச் சொன்னதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஒருவர் பேசுவதற்கு எண்பது வருடம் எடுத்துக்கொள்ளலாம், அதற்காக யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொன்று உங்கள் வீட்டுப் பிறந்தநாள் சம்பந்தப்பட்டது. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்கு 88 என்பது சந்தோஷமான எண். பக்கத்தில் நின்றவன் இருபது வயதில் போன பிறகு அறுபது எழுபது வருடம் வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு அந்த எண் வேறு மாதிரிக் கேட்கலாம். அவர் கல்யாணம் செய்துகொண்டபோது அவன் இல்லை. நீங்கள் பிறந்தபோது இல்லை. பேரன் பிறந்தபோது இல்லை. ஒவ்வொரு நல்ல நாளிலும் அவர் மனதில் ஒரு ஆள் குறைந்திருக்கலாம். "இவ்வளவு நாள் நல்லா வாழ்ந்துட்டீங்க தாத்தா, சொல்லுங்க" என்று போனை நீட்டினால் அவர் எழுந்து போவது எனக்குப் புரிகிறது. தூக்கத்தில் அவர் கூப்பிடுவது அந்த ஆளைத்தானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி, "அது யாரு அப்பா?" என்று காலையில் கேட்காதீர்கள்.

ஆகவே பிறந்தநாளை வீட்டு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பலூன் வேண்டாம், வெடி வேண்டாம், திடீரென்று கூட்டமாகக் கத்துவது வேண்டாம். அவர் சுவரில் சாய்ந்து, வாசல் தெரியும்படி உட்கார இடம் விடுங்கள். எந்த வருடமாவது குறிப்பிட்ட ஒரு மாதத்தில் அவர் அடங்கிப்போவதைக் கவனித்திருந்தால் அதையும் குறித்துவையுங்கள். நாட்கள் மனதுக்குத் தெரியாவிட்டாலும் உடம்பு ஞாபகம் வைத்திருக்கும்.

உங்கள் மகளின் ஆசையைக் கைவிட வேண்டாம், திருப்பிவிட வேண்டும். வாழ்க்கைக் கதை என்றதும் வீட்டில் எல்லோரும் அந்த ஒன்றரை வருடத்தைத் தேடுகிறீர்கள். மீதி எண்பத்தைந்து வருடம் யாருக்கும் கதையாகத் தெரியவில்லை. அச்சகத்தில் எத்தனை வருடம் நின்றார்? முதல் சம்பளத்தை என்ன செய்தார்? எழுத்துக் கோக்கும் ஈய அச்சு போய் ஆஃப்செட் வந்தபோது அவர் கைக்கு என்ன ஆனது? அம்மாவை முதலில் எங்கே பார்த்தார்? இதையெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேர் கையிலும் ஏதாவது வேலை இருக்கும்போது கேட்கச் சொல்லுங்கள். பழைய போட்டோவை ஒட்டும்போது, கீரை ஆயும்போது. முதுமையில் மனம் தானாகவே பழைய கணக்கைப் புரட்டும், அது இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இலேயே எழுதினார். அதுவரை பழசையே பேசுவதை மூளை தளர்ச்சி என்று தள்ளிவிடுவது வழக்கம். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வீடியோவுக்கு அவர் சம்மதிக்காவிட்டால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

என்றாவது ஒருநாள் அவராகவே போரைத் தொட்டால் குறுக்கே பேசாதீர்கள். "யாரையாவது சுட்டீங்களா?" என்ற கேள்வியைப் பேரப்பிள்ளைகள் கேட்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள். பயங்கரமாக ஏதாவது சொன்னால், "போர்னா அப்படித்தானே, உங்க தப்பு இல்லையே" என்று அவசரமாக ஆறுதல் சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். தான் செய்ததோ, செய்யாமல் விட்டதோ தவறு என்று ஒருவர் அறுபது வருடமாக உள்ளே வைத்திருந்தால், ஒரு நொடியில் அதைத் தள்ளுபடி செய்வது அவர் வாயை மூடுவதற்குச் சமம். கூட உட்கார்ந்திருங்கள். "இவ்வளவு நாள் தனியா வச்சிருந்தீங்களே அப்பா" என்றால் போதும்.

சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கமாத்திரை கேட்டு வாங்காதீர்கள். டயசிபாம் வகை மாத்திரைகள் இந்த வயதில் விழவைக்கும், குழப்பத்தைக் கூட்டும், போர்க்கனவுக்கு உதவாது. போர்க்கனவுக்குத் தரும் பிரசோசின் என்று ஒரு மருந்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சிலருக்கு உதவுகிறது, ஆனால் 2018-இல் முன்னாள் படைவீரர்களிடம் பெரிய அளவில் நடந்த சோதனையில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. எழும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும் என்பதால் 87 வயதில் யோசித்துத்தான் தொட வேண்டும். கனவுக்கும் அதிர்ச்சிக்கும் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, முதியவர்களுக்கும் பலன் தரும். அவர் விரும்பினால் மட்டும்.

காதைச் சோதியுங்கள். துப்பாக்கிச் சத்தமும் அச்சு இயந்திரத்தின் சத்தமும் சேர்ந்து கேட்டவர். காது மந்தமானவருக்குப் பின்னால் வருபவரின் காலடி கேட்காது. திடீரென்று பக்கத்தில் ஆள் நின்றால் திடுக்கிடுவார். அமைதியான இரவில் காதுக்குள் இரையும் சத்தமும் தூக்கத்தைக் கெடுக்கும். எரிச்சல் என்று வீட்டில் நினைப்பதில் பாதி கேட்காமையாக இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். மனைவியை இழந்த முதிய ஆண்கள், அதிலும் படையில் இருந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். வீட்டில் துப்பாக்கி ஏதும் இருந்தால் வெளியே அனுப்புங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள். "அம்மா இல்லாம வாழ வேண்டாம்னு தோணுதா அப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பேரனை மேசைக்கு அடியில் தள்ளியது உங்களுக்குப் பயமாக இருந்திருக்கும். குழந்தைக்கு அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் அவனைத் தாக்கவில்லை. சத்தம் கேட்ட நொடியில், கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு உயிரை மறைவிடத்துக்குள் போட்டார். பையனிடம் அதை அப்படியே சொல்லுங்கள்: தாத்தாவுக்குப் பெரிய சத்தம் பிடிக்காது, உன்னைக் காப்பாற்றப் பார்த்தார். அவர் எதிரில் வைத்தே சொன்னாலும் நல்லது. ஆனால் கொஞ்ச நாளைக்கு அவர்கள் இருவரும் தனியாக இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி. இரவில் கதவைப் பார்க்கும் அந்த மனிதர்தான் உண்மையான அப்பா, காலையில் பார்த்தது வேஷம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு இரவும் அங்கே போய்வந்த ஒருவர், ஒவ்வொரு காலையும் எழுந்து குளித்து, மையும் ஈயமும் வாசனை வீசும் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூன்று பிள்ளைகளுக்காக வேலைக்குப் போனார். அதை நீங்கள் தினமும் பார்த்தீர்கள். அதுவும் அவர் செய்ததுதான், யாரும் கட்டளையிடாமல் செய்தது.

இன்று இரவிலிருந்து என்ன செய்வது? நடைபாதையில் மங்கலான ஒரு விளக்கு விடியும்வரை எரியட்டும். பளிச்சென்று போட்டு அணைக்கும் விளக்கு வேண்டாம். படுக்கும் முன் கதவைச் சாத்துவதை அவரோடு சேர்ந்து செய்யுங்கள். "பூட்டியாச்சு அப்பா, நானும் பார்த்துட்டேன்" என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். நடு இரவில் கத்தினால், அம்மா நின்ற இடத்திலேயே நில்லுங்கள். "அப்பா, நான்தான். நம்ம வீட்ல இருக்கீங்க. கதவு பூட்டியிருக்கு." அவர் உங்களைப் பார்த்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். எத்தனை மணி, எவ்வளவு நேரம், கை கால் அசைந்ததா, அன்று மாலை என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவையுங்கள். மூன்று வாரம் எழுதினால் போதும். அந்த நோட்டோடும் மாத்திரைப் பையோடும் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். காது பரிசோதனையை அதற்கு முன்பே முடித்துவிட்டால் இன்னும் நல்லது.